கிளட்ச் பிடிக்கும் கை

எங்கள் வீட்டுக்கு ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. காலண்டரில் வந்தது, சிவப்பு எழுத்தில் அழகாகவே வந்தது. ஆனால் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் ஞாயிறன்று என்ன செய்வார்களோ, வெயில் ஏறும்வரை தூங்குவது, கறி எடுத்து வருவது, தின்றுவிட்டு மறுபடி தூங்குவது, அதில் ஒன்றும் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. விடிந்ததும் மாமா வந்துவிடுவார். வாசலில் சாக்கை விரித்து, அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பரப்பிவிடுவார். அப்புறம் யார் தூங்குவது?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நிட்டிங் மெஷின் மெக்கானிக். வாரமெல்லாம் கம்பெனி கம்பெனியாகப் போய் மெஷின்களைக் கழற்றி மாட்டிவிட்டு, ஓய்வுநாளில் ஓய்வெடுப்பதற்காக இன்னொரு மெஷினைக் கழற்றுகிற மனிதர். கல்யாணம் ஆகியிருக்கவில்லை என்பதால் அவரைக் கேட்பாரும் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்றைக்கு நானும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் நிற்கிறேன். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிறும் போகிறேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கும்போது, அந்த ஒரு வருடத்தை அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் எப்படித்தான் ஓட்டினார்களோ என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அப்படி நினைக்கத் தோன்றவில்லை. பெரியவர்கள் என்றால் கண் சிவந்துதான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த வண்டி அப்பா கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அப்பா நன்றாக இருந்த காலத்தில் தினமும் துடைத்து, எண்ணெய் போட்டு, குழந்தையைப் போல வைத்திருந்தாராம். எனக்கு நினைவு தெரிந்து அது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வேஸ்ட் பனியன் துணிக் குவியலுக்கு அடியில், துருப்பிடித்துக் கிடந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியது. வண்டி அப்படிக் கிடந்ததற்குக் காரணம் அப்பாவின் இடது கை.

அப்பா கட்டிங் மாஸ்டர். துணியை நீள டேபிளில் மடிப்பு மடிப்பாக அடுக்கி, மேலே பேட்டர்ன் வைத்துக் கோடு போட்டு, செங்குத்தாக நிற்கிற பிளேடு உள்ள கட்டிங் மிஷினைக் கோட்டின்மேல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வலது கை மிஷினைத் தள்ளும். இடது கை துணி நழுவாமல் அமுக்கிப் பிடிக்கும். ஒரு சனிக்கிழமை, ஒன்றரை ஷிப்டு முடிகிற நேரத்தில், அந்த இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போய்விட்டன. இரும்பு வலைக் கையுறை போடவில்லையா என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கையுறை ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போது மட்டும் அதை எடுத்து மாட்டிக்கொள்வது வழக்கம்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு சாத்துக்குடியோடு வந்தார். அப்பாவை வேலையை விட்டும் அனுப்பவில்லை, துணி ஸ்டோரில் ரோல்களை எண்ணி இறக்குகிற வேலையைக் கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"அந்தக் கை என்னைக்கு கிளட்ச்சு புடிக்குதோ அன்னைக்கே டேபிளுக்கு வந்துருங்க மாஸ்டர். உங்க எடம் உங்களுக்குத்தானுங்க."

வாய்க்கு வந்ததை ஆறுதலாகச் சொன்னாரோ என்னவோ. அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கிளட்ச் பிடித்தால் டேபிள். டேபிள் என்றால் அப்பா மறுபடி மாஸ்டர். ஸ்டோரில் அப்பாவை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடவில்லை. லாரியிலிருந்து ரோல் இறக்குகிற வடக்கத்திப் பையன்கள் கூட "பாயி, பாயி" என்று இந்தியில் அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு அது வருத்தமாக இருந்ததா என்று தெரியாது. அம்மாவுக்கு இருந்தது. எனக்கு அதைவிட அதிகமாக இருந்தது.

ஏனென்றால் அப்பா அம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். தினமும் காலையில் அம்மா ஓட்டுவாள், நான் முன்னால் நிற்பேன், அப்பா நீளமான கால்களை மடக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார், மடியில் மூன்று டிபன் தூக்கு. என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, அப்பாவை அவர் கம்பெனியில் இறக்கி, அப்புறம் அம்மா தன்னுடைய கம்பெனிக்குப் போய் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார வேண்டும். சாயங்காலம் அதே சுற்று திரும்பவும். என் வகுப்பில் ஒருத்தி, "உங்கொப்பனுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். அன்றையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு முந்தின வேப்பமரத்தடியிலேயே இறங்கிக்கொள்வேன் என்று அடம்பிடித்தேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. மரத்தடியில் நிறுத்தினாள்.

ஆகவே அந்த வண்டி ஓட வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே கட்சி. அப்பாவும் அந்தக் கட்சி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். கேட்டபோதெல்லாம் அவர், "செரி, பாக்கலாம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்.

மாமா வேலையை ஆரம்பித்தார். கடையில் கிடைக்காத பாகம் என்று ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்து ஆரம்பித்தார். பிரித்துப் பார்த்தபோது கடையில் கிடைக்கிற பாகம்தான் அபூர்வமாக இருந்தது. டயரும் செயினும் கிடைத்தன. மற்றதெல்லாம் செய்ய வேண்டும். சைடு பாக்ஸின் கதவை பனியன் அயர்ன் பண்ணுகிற ஒரு பழைய ஸ்டீம் டேபிளின் தகட்டிலிருந்து வெட்டினார். கிக்கருக்கு ரப்பர் கிடைக்காமல், நிட்டிங் மெஷின் காலில் மாட்டுகிற ரப்பரைத் துளைபோட்டு மாட்டினார். அது கறுப்புக்குப் பதிலாக நீலமாக இருந்தது. வீல் புஷ், பிரேக் ராடு எல்லாம் முதலிபாளையத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் கடைந்து வந்தன. சீட்டுக்கு அம்மா கம்பெனி பவர் டேபிள் தையல் மிஷினில் ரெக்சின் தைத்துக் கொண்டுவந்தாள். எலிகளுக்கு மட்டும் யாரும் மாற்று ஏற்பாடு செய்யவில்லை. அவை அடுப்படிக்கு வந்தன.

வேலை நடந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நடந்தது வேலை மட்டும் இல்லை. மாமா வண்டிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருப்பார், சற்று நேரம் சத்தமே வராது. எட்டிப் பார்த்தால் ஸ்பானரை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கியிருப்பார். டீ கொண்டுவந்த அம்மா எழுப்பலாமா வேண்டாமா என்று அங்கேயே உட்கார்ந்து, அவளும் சுவரில் தலை சாய்ந்துவிடுவாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பார். டீ ஆறி ஆடை கட்டும். நான் மட்டும்தான் அந்த வாசலில் முழுசாக விழித்திருந்த ஆள். "மாமா எந்திரீங்க, மாமா எந்திரீங்க" என்று ஸ்போக்ஸ் கம்பியை ஆட்டிச் சத்தம் போடுவேன்.

எல்லாம் முடிந்து கடைசியில் நின்றது கிளட்ச் பிடிதான். மற்றவர்களுக்குக் கடையில் வாங்கி மாட்டலாம். அப்பாவுக்கு முடியாது. எல்லாரும் முதல் இரண்டு விரலால் இழுப்பார்கள், அப்பாவிடம் இருந்தவை கடைசி இரண்டு விரல்கள். இஞ்சின் பக்கம் கேபிளை இழுக்கிற இரும்புக் கையை மாமா நீளமாகச் செய்துவிட்டார், ஆகவே குறைந்த பலத்துக்கே கிளட்ச் விடும். ஆனால் ஹேண்டில்பாரில் இருக்கிற கிளட்ச் பிடி அந்த இரண்டு விரலுக்கு எட்டுகிற தூரத்தில், அந்த விரல்களுக்கு ஏற்ற வளைவில் இருக்க வேண்டும். மாமா அளவு கேட்டார். அப்பா பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புக் காகிதத்தை விரித்து, இடது கையை அதன்மேல் வைத்து, வலது கையால் பென்சிலைச் சுற்றி ஓட்டி, கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். வெட்டு மாஸ்டர் வெட்டு, ஒரு பிசிறு இல்லை. இரண்டு குட்டை விரலும் இரண்டு நீள விரலும் கட்டைவிரலுமாக அந்தக் காகிதக் கையை மாமா சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு லேத்துக்குப் போனார்.

பிடி வந்தது. மாட்டினார்கள். அப்பா கையை வைத்தார். விரல் நுனி பிடியைத் தொட்டது, பிடிக்க வரவில்லை. மாமா ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்தார், பிடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். சுத்தியலால் தட்டி வளைக்கப் பார்த்ததில் வெல்டிங் விட்டுப்போனது. கடைசியில் காகிதக் கையை எடுத்து அப்பாவின் கைமேல் வைத்தார். சுற்றிலும் அரை இஞ்ச் பெரிதாக இருந்தது.

"ஏனுங்க மச்சான், கையக் கூடவா தையலுக்கு அரை இஞ்ச் உட்டு வெட்டுவீங்க?" என்றார் மாமா.

"பழக்கம் மாப்ள. கத்தரி தானா வெலகிப் போயிருச்சு" என்றார் அப்பா.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். துவைத்தால் கை சுருங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னமோ என்றாள். அதைக் கேட்டு மாமா வண்டி சீட்டில் குப்புற விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்த வருடம் எங்கள் வாசலில் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். கதை கம்பெனிக்கும் போய்விட்டது. கட்டிங் மாஸ்டர் தன் கைக்கே தையலுக்கு விட்டு வெட்டினார் என்று அம்மாவின் தையல் லைனில் வெகுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.

பேட்டர்ன் மாஸ்டர்களோடு இப்போது எனக்குத் தினமும் பேச்சு இருக்கிறது. எதற்குக் கூடுதல் விட வேண்டும், எதற்கு விடக் கூடாது என்பது அவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். என் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டபோதோ, சாமி படத்துக்குப் பின்னால் ஒட்ட காகிதம் வெட்டியபோதோ அப்பாவின் கத்தரி தானாக விலகிப் போனதே இல்லை. அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை. வேடிக்கையான ஒரு காரணம் கையில் கிடைத்த பிறகு வேறு காரணத்தை யார் தேடப் போகிறார்கள்?

மாமா விடுகிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு வந்ததும், "அக்கா, சப்பாத்தி மாவு கெட்டியாப் பெசஞ்சு கொண்டா" என்றார். அம்மா பிசைந்து கொடுத்தாள். அதை ஹேண்டில்பாரில் நீளவாக்கில் அப்பி, அப்பாவின் இடது கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, "வண்டி ஓட்டற மாதிரி புடிங்க மச்சான், அமுக்கிப் புடிங்க" என்றார். காகிதத்தில் கோடு விலகலாம், மாவில் விலகாது. அப்பா பிடித்தார். பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். மாமா போதும் என்று சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது மாவில் இரண்டு விரலின் பள்ளம் ஆழமாகவும், மற்ற இரண்டின் இடத்தில் லேசான குழி மட்டுமாகவும் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா மாவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, குழந்தையைக் கொண்டுபோவது போல ஒரு கையில் ஏந்திக்கொண்டு முதலிபாளையம் போனார்.

சமீபத்தில் ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் இந்தக் கதையைச் சிரிப்பாகத்தான் எடுத்தேன். அம்மா சிரிக்கவில்லை. "உங்கொப்பனுக்குப் பயம் கண்ணு. அந்தக் கட்டிங் மிஷினு ஓடற சத்தம் கேட்டாலே பயம். ஸ்டோர்லயே இருந்தர்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், சொல்லுல. தெரிஞ்சிருந்தா நான் மாவே பெசஞ்சு குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். பூண்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அது எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது பிடி பொருந்தியது. பார்த்தவர்கள் கடையில் வாங்கியது என்று சொல்ல மாட்டார்கள், கோணலாக, முனை உள்பக்கம் மடங்கி, ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் இரண்டு விரலும் அதில் போய் உட்கார்ந்ததும், அது வேறு யாருக்கும் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மாமா கிக்கரை உதைத்தார். இரண்டு மூன்று முறை இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. புகை தொட்டியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போனது. அந்த வீட்டில் குடியிருந்த திருநெல்வேலிக்கார அக்கா வெளியே ஓடிவந்து, "மாஸ்டரு வண்டி எடுத்துட்டாவ பாருங்க!" என்று தெருவுக்கே சொன்னாள். அப்பா தெரு முக்குவரை போய்த் திரும்பி வந்தார். கியர் மாற்றும்போது வண்டி குலுங்கவில்லை. நான் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். அந்த நேரத்தில் எனக்கிருந்த சந்தோஷத்துக்கு இன்றுவரை நான் வேறொன்றை ஈடாகச் சொல்ல முடியாது. என் அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று இனி யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

அப்பா இஞ்சினை அணைத்து ஸ்டாண்டு போடும்போது மாமா செல்போனைப் பையில் வைத்துக்கொண்டே வந்தார். முகமெல்லாம் பல்.

"மொதலாளிக்குச் சொல்லீட்டனுங்க மச்சான். நாளைக்கே டேபிளுக்கு வரச் சொல்லீட்டாருங்க."

"சொல்லீட்டயா?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அப்புறம் கை கழுவப் போனார். கிரீஸ் பட்ட கையை சோப்புப் போட்டு, வேஸ்ட் துணியில் துடைத்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். அம்மா மாமாவுக்கு இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறினாள். எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்திருந்தது. மாமா சாப்பிட்டு அங்கேயே சாய்ந்தவர் விளக்கு வைக்கும்வரை எழவில்லை. அம்மாவும் தூங்கினாள். யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகு அந்த டேபிளில் எத்தனையோ வருடம் நின்றார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு விரல் எதுவும் போகவில்லை. மாஸ்டர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். மாமாவும் அம்மாவும் தங்கள் உழைப்பு வீண்போகவில்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். நான் சொல்ல நினைத்தது அந்தத் திங்கட்கிழமைக் காலையைத்தான்.

அன்று அம்மா தன் ஸ்கூட்டரில் தனியாகப் போனாள். மூன்று தூக்குக்குப் பதில் ஒரு தூக்கு. தெருமுனையில் திரும்பும்போது எங்களைப் பார்த்துக் கை காட்டினாள். நான் அப்பாவின் பின்னால், அம்மா தைத்த சீட்டில், இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேப்பமரத்தடி வந்தபோது, நிறுத்த வேண்டாம், பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்துங்கள் என்று நான் சொல்ல நினைத்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா மரத்தையும் தாண்டினார், பள்ளிக்கூட வாசலையும் தாண்டினார்.

"அப்பா, ஸ்கூலுங்க."

"ஒரு சுத்து போயிட்டு வரலாம் கண்ணு."

பெருமாநல்லூர் வரைக்கும் போனோம். அங்கே ஒரு பேக்கரியில் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். தனக்கு ஒரு டீ சொல்லி, கையில் வைத்துக்கொண்டே நின்று, குடிக்காமல் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பி வரும்போது கம்பெனி கேட்டுக்கு முன்னால் வண்டி மெதுவானது. வாட்ச்மேன் தாத்தா வண்டியைப் பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாக, பெரிய கேட்டை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டார். அப்பா கிளட்சை அமுக்கியபடி நின்றார். உள்ளே கட்டிங் மிஷின் ஓடுகிற சத்தம் ரோடுவரைக்கும் கேட்டது. பிறகு கிளட்சை விட்டார். வண்டி உள்ளே திரும்பாமல் கேட்டைத் தாண்டி ரோட்டிலேயே நேராகப் போனது. தாத்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வண்டியைக் காட்டத்தான் அப்பா நிறுத்தினார் என்று நினைத்து நான் அவருக்குக் கை ஆட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்து நேரமாகியிருக்கும். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. இத்தனை நாள் ஓட்டாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து அப்பா எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார் என்றுதான் நம்பினேன். அவருக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சட்டை அவர் முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. வெயில் என்று நினைத்து, ஊதிவிட்டேன்.

"இன்னும் ஒரே ஒரு சுத்துங்கப்பா" என்றேன்.

"செரி கண்ணு" என்று சொல்லி, அப்பா உடனே வண்டியைத் திருப்பினார்.